பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதினைந்து வருடத் தேநீர்

எந்த வேலையிலும் முப்பது வருட அனுபவம் உள்ளவருக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். மூன்று வீடியோ பார்த்தவருக்கு அது சுத்தமாக இருக்காது. தேநீர் விஷயத்தில் நான் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். அதிலும் மூன்றாவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். (அதற்குள் எனக்கே எல்லாம் தெரிந்துவிட்டது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் தினமும் தூங்கிக்கொண்டே போய்வந்த இன்ஜினியர். எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த சீனர் ஒருவர், ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் பரிசளித்தார். உள்ளே வட்டமாக, கறுப்பாக, கல் மாதிரி ஒரு வில்லை. பூ-அர் என்ற தேயிலையாம். அழுத்தி வைத்துப் பதினைந்து வருடம் பழுக்க விட்டதாம்.

அம்மா முகர்ந்து பார்த்தாள். "இன்னாடி இது, மழையில நனைஞ்ச கோணிப்பை மாதிரி வாசனை வருது?"

"அது பேரு முதிர்ச்சிமா," என்றேன். (அது எனக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரவணன். அவர் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வாரமாக நானும் சரவணனும் போனில் பேசியிருந்தோம். எனக்கு அவரை ரொம்பவே பிடித்திருந்தது. புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் பேசாமல் காபியைக் கொடுத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பாள். நானோ, அம்மா இறக்கி வைத்த டிகாஷனைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னிக்கு நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

வீடியோவில் ஒரு பெரியவர் மெல்லிய ஊசியால் வில்லையை இதழ் இதழாகப் பிரித்தார். என்னிடம் இருந்தது அப்பாவின் ஸ்க்ரூடிரைவர். ஓங்கிக் குத்தினேன். ஒரு பெரிய கட்டி பெயர்ந்தது. மிச்சம் சமையலறையிலிருந்து ஹாலுக்கு உருண்டு போய் மாப்பிள்ளையின் அப்பா காலடியில் படுத்தது. அவர் மரியாதையாக அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வரட்டியாமா? ஓமம் எதுனா வளர்க்கப் போறீங்களா?"

சிரித்து மழுப்பி, எல்லோர் எதிரிலும் டீப்பாயில் கடை விரித்தேன். கட்டியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றினேன். முதல் தண்ணீர் இலையைக் கழுவுவதற்கு மட்டுமே, அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. பூசை செய்யும் பக்தியோடு அதை ஒரு வாளியில் கொட்டினேன்.

ஹாலில் எல்லோரும் வாளியை எட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் முதல் டிகாஷன் விருந்தாளிக்கு. இரண்டாவது வீட்டுக்காரர்களுக்கு. மூன்றாவது, சீக்கிரம் எழுந்து போகவேண்டியவர்களுக்கு.

சரவணனின் அம்மா மெதுவாகக் கேட்டார். "இன்னாமா, மொதல் டிகாஷனைக் கீழ ஊத்திட்டே?"

"அது அழுக்கு ஆன்ட்டி. ரெண்டாவதுதான் உங்களுக்கு!" என்றேன், முகமெல்லாம் மலர.

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது தண்ணீரைப் பத்து விநாடியில் வடித்திருக்க வேண்டும். நான் சீனத்தின் தேயிலை வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்ததில் பத்து நிமிடம் ஊறிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தொழில் அக்கறையோடு பார்த்தார். "கறுப்பு நல்லா ஏறியிருக்குது. துவைச்சா போவுமா?"

சரவணன் மட்டும் எனக்காக மூன்று டம்ளர் குடித்தார். எங்கள் வீட்டு பஜ்ஜியை நம்பிக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார் பாவம். வெறும் வயிற்றில் கடுந்தேநீர் தலையைச் சுற்றவைக்கும் என்ற எச்சரிக்கை, நான் பார்க்காத அந்தப் பாதி வீடியோவில் இருந்ததாம். அவருக்கு வியர்த்தது. எழுந்தார், சுவரைப் பிடித்தார், திரும்ப உட்கார்ந்தார்.

"எம்புள்ளைக்கு இன்னாத்தைக் கலந்து குடுத்தே?" என்று அவர் அம்மா அலற, என் அம்மா பஜ்ஜித் தட்டோடு ஓடிவந்தாள். நான்கு பஜ்ஜி உள்ளே போனதும் அவருக்குக் கண் தெளிந்தது. சம்பந்தம் தெளியவில்லை.

முந்தின வாரம் ஒன்பது பொருத்தம் இருந்த ஜாதகத்தில் மறுநாள் ஒன்றுகூட இல்லை என்று தகவல் வந்தது. சரவணன் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார்: "டீ நல்லா இருந்துச்சு. அம்மா ஒத்துக்க மாட்டாங்க." அந்தப் பொய்யைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன்.

அதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வருடம் வேறொரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. பையனின் அம்மா உட்காரும் முன்பே கேட்டார். "அந்த ரெண்டாவது டிகாஷன் பொண்ணு நீதானாமா?"

தலையைக் குனிந்தபடி "ஆமாம்" என்றேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பொய் சொல்லத் தெரியலை, இந்தப் பொண்ணே இருக்கட்டும்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

அவர்தான் என் மாமியார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் குசலம் விசாரிப்பார். நான் ஃபில்டர் பக்கம் ஓரடி வைத்தால் போதும், "நீ உக்காருமா, டிகாஷன் நான் பார்த்துக்கறேன்" என்று குரல் வந்துவிடும். எட்டு வருடமாக இந்தக் கொடிய தண்டனையைச் சோபாவில் கால் நீட்டியபடி, கையில் ஆவி பறக்கும் காபியோடு அனுபவித்துவருகிறேன்.