வண்டிலார் விட்ட மூன்றடி

ஒரு காணிக்குள் போய்வரும் அணுகுவழி என்றால் என்னவென்று மன்னார் மாவட்டத்தில் சரியாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: அடம்பன் பக்கத்து வண்டிலார். சட்டத்தரணிமார் எல்லாரும் அவருக்குப் பிறகு. முப்பது வருடம் காணிக் கந்தோரில் கோப்புப் பார்த்த நான் கடைசி.

மாட்டு வண்டில் ஓட்டியதால் அந்தப் பெயர். இந்திய அகதி முகாமிலிருந்து மீள்குடியேற வந்தபோது, அவருடைய காணிக்குப் போகும் வண்டில் பாதையை முன்னாலுள்ள காணிக்காரர் வேலியடைத்து, ஆள் நுழைய மூன்றடி மட்டும் விட்டிருந்தார். அவர் முறையிட்டபோது நான் இடத்தைப் பாராமலே "அணுகுவழி உண்டு" என்று எழுதினேன். ஆள் நுழைந்தால் "உண்டு" என்பது கந்தோர் வழக்கம்.

அவருக்கு வீட்டுத்திட்டம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் அத்திவாரம் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். மணலோ வேலிக்கு வெளியே குவிந்து கிடந்தது.

"மணலைக் கடகத்தில அள்ளிச் சுமப்பமப்பா," என்றாராம் மனைவி.

"ஒரு கடகம் சுமந்தாலே போதும். இதுதான் உங்கட பாதை எண்டு எழுதிப்போடுவாங்கள்."

மாதம் முடிய நாலு நாள் இருக்க, வண்டிலைக் கந்தோர் வாசலில் குறுக்கே நிறுத்தினார். எங்கள் அதிகாரி அவசரக் கூட்டத்துக்கு ஜீப்பில் ஏறியிருந்தார்.

"வண்டிலை எடும்."

"ஏன் ஐயா? மூண்டடி விட்டிருக்கிறன். அளந்து பாருங்கோ."

"ஜீப் எப்பிடிப் போறது?"

"ஜீப் நிக்கட்டும், நீங்கள் நடந்து போங்கோ. அணுகுவழி உண்டு."

காவலாளி மாட்டை நெருங்கினார். மாடு ஒரு பார்வை பார்த்தது. அவர் திரும்பி வந்தார்.

"உண்டு எண்டு எழுதினது ஆர்?" என்றார் வண்டிலார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏறுங்கோ ஐயா. பாத்துட்டு எழுதுங்கோ."

கடமைப் பயணத்துக்கு மாட்டு வண்டில் எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. ஏறினேன். பாலம் கடந்து, முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வேலியடியில் வண்டில் நின்றது. தான் எழுதியதைத் தானே வெட்டக்கூடாது என்பது விதி. "உண்டு" என்பதை வெட்டி, "இல்லை" என்று எழுதினேன். வாசலில் இன்னொருமுறை வண்டில் நிற்பதை விரும்பாத அதிகாரி மறுநாளே வேலியைப் பத்தடி திறப்பித்தார். கடைசி நாளன்று அத்திவாரம் விழுந்தது.

பாவிக்காத பாதை உரிமை காலப்போக்கில் அழிந்துபோகும் என்கிறது சட்டம். வண்டிலார் இப்போது இல்லை. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்கள். அதற்கு மூன்றடி போதும். ஆகவே மாதமொருமுறை நான் என் பழைய காரை அவருடைய முற்றம் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வருகிறேன்.