துடுப்பு வரதனுக்குத் துக்கம் தேடிய கதை

ஒரு கொலைகாரனின் கண்ணீர் இன்றைய சந்தையில் துளிக்குப் பதினோரு லட்சம் ரூபாய். கிளிசரின் தனி. மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அது கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது 'முன்கதைப் படம்'தான் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. முதல் படத்தில் ஒருவன் கண்ணில் பட்டவரையெல்லாம் கொல்வான்; நாம் பயப்படுவோம். நான்காவது படத்தில் அவன் ஏன் கொன்றான் என்று காட்டுவார்கள், நாம் வெட்கப்படுவோம். வேறெந்தத் தொழிலிலும் இந்த வசதி கிடையாது. நான் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரம் செய்பவன். நேற்றைய நாற்றத்துக்கு இன்று விளக்கம் சொல்லி என்னால் ஒரு கிலோ விற்க முடிந்ததில்லை.

துடுப்பு வரதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று படங்களில், ஒரே துடுப்பால், நாற்பத்தொரு பேரை அடித்துக் கொன்றவர். ('கொன்றவன்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். முன்கதை வந்தபின் மரியாதை கூடிவிட்டது.) அந்த முதல் அடியை வாங்கும் பாக்கியம் ஏரிக்கரையில் உள்ள புதுக்கரைக் குப்பத்துக்குக் கிடைத்தது. படப்பிடிப்பு நடந்த அன்று, வேடிக்கை பார்க்க வந்த மீன்காரி குப்பம்மாவையே உட்காரவைத்துவிட்டார்கள். கூடையோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். திரும்பி, "யாரு?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம். துடுப்பு இறங்கிவிடும்.

அன்று முதல் குப்பம்மாவுக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் தனி மவுசு. "வரதன் கையால அடி வாங்குன அம்மா இவங்கதான்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். பேரம் பேசாமல் வாங்குவார்கள். செத்துப் பிழைப்பவர் பலரைப் பார்த்திருக்கிறேன். செத்ததாலேயே பிழைத்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த வருடம் 'துடுப்பு: பூஜ்யம்' எடுக்க டைரக்டர் பிரவீன் வந்து இறங்கினார். என்னை 'உள்ளூர் துக்க ஒருங்கிணைப்பாளர்' ஆக நியமித்தார். வரதனுக்குத் தேவையான துக்கங்களை நியாயமான விலையில் திரட்டித் தருவது என் பணி. குப்பத்துத் தலைவர் நீலமேகம் வலை பின்னும் கொட்டகையில் ஊரைக் கூட்டினார்.

"வரதன் பிறந்த ஊர் இதுதான்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார் பிரவீன்.

"எங்களாண்ட யாரும் சொல்லலியே" என்றார் நீலமேகம். "ரேஷன் கார்டுல அவன் பேரு கீதா?"

"கற்பனைங்க அய்யா."

"அப்ப ஆதார் இருந்தா போதும்."

பிரவீன் கண்களை மூடித் திறந்தார். "யாரும் பிறக்கும்போதே கொலைகாரன் இல்லீங்க. உள்ளே ஒரு காயம் இருக்கு. அந்தக் காயத்தைக் கொடுத்தவங்கதான் நிஜமான வில்லன். எல்லாக் கொலைக்கும் ஆதி காரணம்..." கை நீண்டது. "இந்தம்மாதான்."

பின்னிக்கொண்டிருந்த வலை ஊசிகள் எல்லாம் நின்றன.

"நானா?" என்றார் குப்பம்மா. "நான் இன்னா பண்ணேன்?"

"சின்ன வயசுல பசி தாங்காம உங்க கூடையிலிருந்து ஒரு மடவை மீனை எடுத்தான். நீங்க எல்லார் எதிரிலயும் அறைஞ்சீங்க. அங்கதான் அவன் உடைஞ்சான்."

"த்தோ பாரு நைனா, ஒடஞ்சது என் மண்டை. அவனுக்கு எங்க ஒடஞ்சிச்சி?"

"மனசும்மா."

"அதுக்கு எத்தினி தையல் போட்டாங்க?"

கொட்டகை சிரித்தது. குப்பம்மா சிரிக்கவில்லை. "பொன்னேரியில நான் யாவாரம் பண்ண வாணாமா? பசிச்ச புள்ளைய அடிச்சவள்னு பேராயிட்டா என் கூடையாண்ட ஈயைத் தவிர எது வரும்?"

"இந்தப் படம் ஓடிச்சின்னா உங்களுக்கும் ஒரு முன்கதை எடுக்கலாம்மா. நீங்க ஏன் அறைஞ்சீங்கன்னு."

"அறையவே இல்லேன்றேன், ஏன் அறைஞ்சேன்னு படம் எடுக்கறியா?" குப்பம்மா நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். "தலைவரே, ஏரியில நல்ல எடத்த ஒருத்தனுக்கே குடுக்கறோமா?"

"இல்ல. பாடுதான்."

"மொக்க எடம்?"

"அதுவும் பாடுதான்."

"அப்பறம் இந்தப் பழி மட்டும் ஒருத்தி தலையிலயே இன்னாத்துக்கு? சீட்டு போடு. எல்லா வூடும் பங்கு எடுத்துக்கட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு: ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதே பாடு. இன்று உனக்கு இறால் குவிந்தால் நாளை எனக்கு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மீன் பிடிக்கும் முறையைப் பாவம் பிடிக்கவும் பயன்படுத்தலாம் என்ற யோசனை உலக சினிமா வரலாற்றில் முதன்முதலாகப் புதுக்கரைக் குப்பத்தில்தான் உதித்தது.

பிரவீன் துள்ளி எழுந்தார். "சமூகமே குற்றவாளி! பிரமாதம்!"

சீட்டுகள் மடிக்கப்பட்டன. வரதனின் சட்டையைக் கேலி செய்தல், படகிலிருந்து தள்ளிவிடுதல், பட்டினி போடுதல், நாய்க்கு விஷம் வைத்தல், இன்ன பிற. ஊரே ஒரு வீடு விடாமல் வந்து, அம்மனைக் கும்பிட்டு, ஆளுக்கொரு கொடுமையை எடுத்துச் சென்றது. அதன் பிறகுதான் கூச்சல்.

"எனக்கு 'முறைத்தல்' வுழுந்திருக்கு" என்று சீட்டை ஆட்டினார் பச்சைமுத்து. "வெறும் முறைத்தல்! எங்க நைனா காலத்துலேர்ந்து எங்க வூட்டுக்கு மொக்க பாடுதான். நாய் யாருக்கு வுழுந்திச்சி?"

"எனக்கு" என்றார் அங்காளம்மாள், பெருமையாக.

"மாத்திக்கலாமா யக்கா? மேல ரெண்டு கிலோ எறா தரேன்."

"நாய்க்கு குளோசப் கீதாம். மூணு கிலோ."

"வெசம் வெக்கறதுக்கு மூணு கிலோவா? அநியாயமா கீதே!"

தனக்கு விழுந்த பாடு முறையைக் கைமாற்றுவதற்கு ஊரில் அனுமதி உண்டு. தரகர் வைத்துக்கொள்வதும் உண்டு. மாலைக்குள் பல கொடுமைகள் நல்ல விலைக்குக் கைமாறின. என் வீட்டுக்கு நண்டு வந்தது.

குப்பம்மாவுக்கு விழுந்த சீட்டு 'கஞ்சி ஊற்றுதல்'. அத்தனை சீட்டுகளிலும் ஒரே ஒரு நல்ல காரியம். தாய்மார்கள் கொஞ்சம் அழ வேண்டும் என்று பிரவீன் சேர்த்தது. குப்பம்மா அம்மன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா உலகநாதா? அவளுக்குத் தெரியும், யார் கையில எதக் குடுக்கணும்னு."

படப்பிடிப்பு தொடங்கியது. சிறுவன் வரதனாகக் கதாநாயகரே நடித்தார். வயது நாற்பத்தேழு. தம் குழந்தைப் பருவத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பது கலைக்குச் செய்யும் துரோகம் என்று கூறி, முழங்காலைச் சவரம் செய்துகொண்டு, அரை டிரவுசரில் வந்து நின்றார். ஊரே முறை வைத்து அவரைக் கொடுமைப்படுத்தியது. குப்பம்மா தட்டில் கஞ்சி ஊற்றி, "குடி கண்ணு" என்றார். பசியால் வாடிய அந்தப் பாலகன் ஒரு வாய் குடித்ததும், உதவியாளர் ஓடிவந்து சர்க்கரை அளவு பார்த்தார்.

"பட்டினி கெடக்கிற புள்ளைக்கு எப்பிடிய்யா சக்கர ஏறும்?" என்றார் குப்பம்மா.

"அதான்மா அவரோட காயம்" என்றார் பிரவீன்.

படம் வெளியானது. பொன்னேரித் தியேட்டருக்கு ஊரே வேனில் போனது. நாய் செத்ததும் விசும்பல் தொடங்கியது. பச்சைமுத்து கடைசியில் மூன்றரைக் கிலோ இறாலுக்கு வாங்கிய விஷம். திரையில் அவருடைய முழங்கை மட்டும் வந்தது. கஞ்சிக் காட்சியில் பெண்கள் ஓவென்று அழுதார்கள். குப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

பிறகு கடைசிக் காட்சி. வளர்ந்த வரதன் துடுப்போடு ஊர் திரும்புகிறார். தன்மேல் அன்பு காட்டிய ஒரே ஜீவனைத் தேடி வருகிறார். அங்கே பிரவீன் புதிதாக எதையும் எடுக்கவில்லை. முதல் படத்தின் துண்டை அப்படியே ஒட்டிவிட்டார். கூடை. காலடிச் சத்தம். குப்பம்மா திரும்புகிறார். "யாரு?"

வயலின்கள் கதறின. வரதனின் இதயம் நொறுங்கும் சத்தத்தை எட்டு ஸ்பீக்கர்களில் வைத்திருந்தார்கள். கஞ்சி ஊற்றியவளே அடையாளம் மறந்துவிட்டாள்! இதை விடக் கொடுமை உண்டா? துடுப்பு இறங்கியது. என் பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கைச் சிந்தினார்: "பாவம், எம்மாங் கனம் இருக்குமோ அந்தத் துடுப்பு. புள்ளைக்குக் கை வலிச்சிருக்கும்."

மறுநாள் மார்க்கெட்டில், பல வருட வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் குப்பம்மாவின் கூடை எதிரில் வந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, 'வா கண்ணு வரதா'னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நாப்பத்தொரு உசுரு பொழைச்சிருக்கும்ல?"

"தாடி வெச்சிக்கினு, மூஞ்சிய மூடிக்கினு, பின்னால வந்து துடுப்ப ஓங்குனா எந்தக் கண்ணுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"பெத்தவ மனசுக்குத் தெரியும்."

"நான் பெக்கலியே! கஞ்சிதானே ஊத்துனேன்?"

"அதான். பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அம்மாள் பக்கத்துக் கூடையில் அரைக் கிலோ கிழங்கான் வாங்கிக்கொண்டு போனார். அன்று குப்பம்மாவின் கூடையில் கறிவேப்பிலை வாங்குகிற காசுக்குக்கூட விற்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

விற்காத மடவையை உப்புப் போட என்னிடம் கொண்டுவந்தார். கூடையை இறக்கிவைத்தார்.

"உலகநாதா, மூணு படத்தையும் பாத்தே இல்ல? எனக்கப்பறம் செத்தாங்களே நாப்பது பேரு, அதுல ஒருத்தர் பேரு சொல்லேன்."

யோசித்தேன். ஒரு போஸ்ட்மேன். ஒரு சிவப்புப் புடவை. குளித்துக்கொண்டிருந்த ஒருவர். கத்துவதற்கு வாயைத் திறந்து, கத்த நேரமில்லாமல் போன ஒருவர்.

"பேரு?"

தெரியவில்லை. வரதனின் நாய்க்குப் பேர் மணி. அது தெரிந்தது.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் எதையும் அந்தரத்தில் விடக்கூடாது என்பதால், 'துடுப்பு: பூஜ்யம்' வகையில் ஐந்தொகை கீழே:

துடுப்பு வரதன்: வரவு, ஊர் முறை வைத்துச் செய்த கொடுமைகள், செத்த நாய், தமிழ்நாட்டின் கண்ணீர். பற்று, இல்லை.

குப்பம்மா: வரவு, கஞ்சி ஒரு தட்டு. பற்று, கொலை நாற்பத்தொன்று, தன்னுடையதையும் சேர்த்து.

உலகநாதன்: தரகு முழுதும் வந்தது. பைசல்.

மற்ற நாற்பது பேர்: பேர் இல்லாததால் கணக்கே திறக்கவில்லை.