மூச்சு மாஸ்டரும் வெள்ளைத் திரையும்

கடை திறப்பது பத்து மணிக்கு. வரிசை எட்டரைக்கே ஆரம்பித்துவிடும். செருப்புக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அகலத்தில் ஒரு கடை. அதன் முன்னால் தினமும் முப்பது நாற்பது பேர். எல்லார் கையிலும் ஒரு பை. பைக்குள் ஒரு வீடியோ கேம் கேசட். கேசட்டுக்கு உடம்பு சரியில்லை. வைத்தியர் உள்ளே இருக்கிறார்.

வைத்தியருக்கு ஊர் வைத்த பெயர் மூச்சு மாஸ்டர். அவர் கேசட்டில் ஊதுவார். கேசட் பிழைத்துக்கொள்ளும். வைத்தியம் அவ்வளவுதான்.

சின்ன வயதில் நாமெல்லாம் ஊதியவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க ஊதினது காத்து. அவர் ஊதுறது மூச்சு."

வித்தியாசம் எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் தலையாட்டினேன். அந்த வரிசையில் எல்லாரும் இதே காரணத்துக்காகத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவது இப்போது நாகரிகம். பழைய கேசட் ஒன்றில் ஒரு கேம்தான் இருக்கும். இப்போது ஃபிளாஷ் கேசட் என்று ஒன்று வந்திருக்கிறது. நகத்தளவு மெமரி கார்டை அதில் சொருகினால் ஐந்நூறு கேம் ஓடுமாம். ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் சில வீடுகளில் ஓடும், பல வீடுகளில் வெறும் வெள்ளைத் திரை வரும். அந்த வெள்ளைத் திரைதான் மாஸ்டருக்குச் சோறு போட்டது.

"ஒரு வீட்டுல ஐந்நூறு பேரை அடைச்சு வெச்சா சண்டை வருமா வராதா?" என்று மாஸ்டர் கேட்பார். வரும் என்று கூட்டம் சொல்லும். "கேசட்டுக்குள்ளயும் அதேதான்." கேசட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "கார் ஓட்டுற கேமுக்கும் குத்துச்சண்டை கேமுக்கும் ஆகலை. மூணு மூச்சு போதும்." மேசையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டி. கேசட்டோடு கையையும் தலையையும் துணிக்குள் விட்டு மூன்று முறை ஊதுவார். வெளியே எடுத்துத் தன் கடையிலுள்ள கேம் பெட்டியில் போடுவார். திரையில் ஐந்நூறு கேமின் பட்டியலும் சமாதானமாக வரிசைகட்டி நிற்கும்.

எங்கள் தெரு மருந்துக்கடை அக்காவும் ஒருநாள் இந்த வரிசையில் வந்து நின்றார். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதவர். மருத்துவர் கையெழுத்து இல்லாத சீட்டோடு போனால் வந்த வழியே அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மாஸ்டரிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் நிலைமை அப்படி.

அக்காவின் கணவர் தையல்காரர். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, காலும் சரியானது, விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாத தையல்காரர் என்ன செய்வார்? காலையிலிருந்து மாலைவரை மூடியிருந்த தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிசியோதெரபி டாக்டர்தான் வழி சொன்னார். "ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னா எல்லாரும் மூணாம் நாள் விட்டுடறாங்க. நீங்க வீடியோ கேம் ஆடுங்க. தினமும் ஒரு மணி நேரம் கட்டைவிரல் வேலை செய்யணும். ஒருநாள்கூட விடக்கூடாது."

வீட்டில் பழைய கேம் பெட்டி இருந்தது. அக்கா ஃபிளாஷ் கேசட் வாங்கிப் போட்டார். தையல்காரருக்குப் பந்தால் செங்கல் உடைக்கும் கேம் பிடித்துப்போனது. மூன்றே வாரத்தில் சட்டைப் பித்தானைத் தானே மாட்டினார். அன்றைக்கு அக்கா, மருந்துக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பித்தானைப் பற்றியே பேசினார்.

அடுத்த வாரம் வெள்ளைத் திரை வந்தது.

மாஸ்டர் ஊதினார். கடையில் கேம் ஓடியது. அக்கா கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வீட்டில் வெள்ளைத் திரை. திரும்ப வந்தார். மாஸ்டர் திரும்ப ஊதினார், கடையில் திரும்ப ஓடியது.

"கோளாறு கேசட்டுல இல்லம்மா," என்றார் மாஸ்டர் வருத்தமாக. "உங்க வீட்டு மூச்சு சரியில்ல. முப்பது நாள் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. தொட்டா கணக்கு மறுபடி முதல்லேருந்து. முப்பத்தொண்ணாம் நாள் நானே வந்து ரூம் ரூமா ஊதி, மூச்சு ஏத்தின கம்பி ஒண்ணு மாட்டிவிடுறேன். அப்புறம் பிரச்சினையே இருக்காது."

அதற்குக் கட்டணம் தனி. அக்கா சரி என்றார்.

பன்னிரண்டாம் நாள் தையல்காரரின் விரல்கள் பழையபடி மடங்கிக்கொண்டன. பித்தானை மீண்டும் அக்காதான் மாட்டிவிட்டார். தையல்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் அவருடைய தங்கை வந்தாள். லிப்ட் மெக்கானிக். பத்தாவது மாடிக்கும் பதினொன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவள் தொழில். அண்ணன் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலை நிமிர்த்த முயன்றாள். பிறகு அண்ணியிடம் கதையை முழுக்கக் கேட்டாள்.

"கடையில ஓடுது, வீட்டுல ஓடலை. அப்படித்தானே அண்ணி?"

"ஆமா."

"கடையில யார் பெட்டி?"

"அவரோடது."

"கரண்ட் குடுக்கிற அடாப்டர்?"

"அதுவும் அவரோடதுதான்."

தங்கை குனிந்து, சுவரோரம் கிடந்த அடாப்டரைப் பார்த்தாள். பெட்டியோடு வந்தது, பெட்டியின் வயது. மேல்மூடி சூட்டில் பழுப்பேறியிருந்தது.

"பழைய கேசட்டுக்கு இது போதும். மெமரி கார்டு போடுற கேசட் கொஞ்சம் கூடுதலா கரண்ட் கேக்கும். இது சோர்ந்து போயிருக்கலாம். எனக்கு இது மேலதான் சந்தேகம்."

"மாஸ்டர் வீட்டு மூச்சுன்னாரே."

"அது அவர் சந்தேகம். ரெண்டுல எது சரின்னு பார்த்துடலாமே. வீட்டைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போக முடியாது. அடாப்டரைத் தூக்கிக்கிட்டுப் போகலாம்."

"தொட்டா முதல்லேருந்து முப்பது நாள், தெரியுமா? அவர் கை என்ன ஆகும்?" என்றார் அக்கா.

தையல்காரர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். "என் கைதானே. நான் சொல்றேன். எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை வரிசையில் அக்காவும் தங்கையும் நின்றார்கள். நானும் நின்றேன். என் கேசட்டுக்கும் உடம்பு சரியில்லை. அதை நான் இதுவரை சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான்.

தங்கை முதலில் நீட்டியது ஒரு சாம்பல் நிறக் கேசட். தூசி போகாமல் இருக்க வாயில் டேப் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். மாஸ்டர் காதில் வைத்துக் கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது.

"இருநூறு கேம் இருக்கு. ரெண்டு ரொம்ப முரட்டு கேம். ஒண்ணையொண்ணு விட மாட்டேங்குது. ஆறு மூச்சு ஆகும்."

"துணிக்குள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குடுங்க," என்று தங்கை வாங்கினாள். பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே குளியல் சோப்புத் துண்டு ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சோப்பு வாசனையாக இருந்தது.

மாஸ்டர் சாதாரண ஆள் இல்லை. ஒரு நொடிதான் தடுமாறினார். "கேம் போனாலும் கூட்டுல அதோட மூச்சு தங்கும். நான் கேட்டது அதைத்தான்."

கூட்டம் தலையாட்டியது. ஆமாம், தங்கும்தானே என்றார் அந்தப் பெரியவர். சோப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் தலையாட்டுகிற கழுத்துகளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தேன். என் கழுத்தும் பாதி ஆடிவிட்டது.

அப்போது அக்கா முன்னால் வந்தார். வீட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். கேசட்டைச் சொருகினார். வீட்டு அடாப்டரைக் கடைச் சுவரில் மாட்டினார்.

"மாஸ்டர், கோளாறு எங்க வீட்டு மூச்சுன்னீங்க. இது எங்க வீடு இல்ல, உங்க கடை. இங்க ஓடணுமில்ல?"

"கடை மூச்சையும் வீட்டுக் கம்பியையும் கலக்கக் கூடாதும்மா."

"கலந்தா என்ன ஆகும்னுதான் பார்க்கப்போறோம்." சுவிட்சைத் தட்டினார்.

வெள்ளைத் திரை.

"ஊதுங்க," என்றார் அக்கா.

மாஸ்டர் ஊதினார். வெள்ளை. மறுபடி ஊதினார். வெள்ளை. நான்காம் முறை அவருக்கே மூச்சு வாங்கியது. வரிசையில் யாரும் தலையாட்டவில்லை.

"இப்போ ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தறேன்," என்றாள் தங்கை. "பெட்டி எங்களோடது. கேசட் எங்களோடது. யாரும் ஊத வேண்டாம்." வீட்டு அடாப்டரைப் பிடுங்கி, கடை அடாப்டரின் முனையைச் சொருகினாள்.

ஐந்நூறு கேமும் வந்து நின்றன. பழைய அடாப்டரை மாட்டினாள், வெள்ளை. கடை அடாப்டர், கேம். மூன்று தரம் மாற்றி மாற்றிக் காட்டினாள். மூன்றாம் தரம் வரிசையே ஒன்றாகச் சொன்னது, "இப்போ வெள்ளை வரும் பாரு." வந்தது.

அக்கா கறுப்புத் துணியை இழுத்தார். பெட்டிக்குள் பஞ்சு, துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில், ஒரு டப்பா நிறைய மெமரி கார்டுகள். ஓரத்தில் புத்தம்புது அடாப்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நீல நூல் கட்டியிருந்தது. மூச்சு ஏற்றிய கம்பி என்பது அதுதான்.

தங்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட வியப்பு அதிகம். "கேசட் முனையில அழுக்குன்னா துடைக்கிறீங்க. கார்டு கெட்டுப்போனா மாத்தறீங்க. கரண்ட் பத்தலைன்னா அடாப்டர் குடுக்கிறீங்க. எல்லாம் சரியான வைத்தியம். அப்புறம் எதுக்கு ஊதறீங்க? எச்சில் ஈரம் பட்டா அந்த முனையில பச்சைக் களிம்பு பிடிக்கும், உங்களுக்குத் தெரியாததா?"

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதன்முறையாகச் சாதாரணக் குரலில் பேசினார்.

"ஆறு வருஷம் இதே இடத்துல 'பழுது பார்க்கப்படும்'னு போர்டு போட்டு உக்காந்திருந்தேன். துடைச்சுக் குடுத்தா, இதுக்குப் போய் காசான்னு கேட்டாங்க. ஒருநாள் தூசியை விளையாட்டா ஊதினேன். நின்னவர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் பத்து பேரைக் கூட்டிக்கிட்டு வந்தார். நான் என்னம்மா பண்ணட்டும்?"

கூட்டம் பெரியவரைப் பார்த்தது. பெரியவர் செருப்புக் கடையைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி," என்றார் அக்கா. "முப்பது நாள் எதுக்கு? அன்னைக்கே அடாப்டரைக் குடுத்திருக்கலாமே?"

"உடனே சரியாயிட்டா மதிக்க மாட்டாங்க."

"பன்னெண்டு நாள் ஆடாததுல என் வீட்டுக்காரர் விரல் மறுபடி மடங்கிப்போச்சு. டாக்டர் ஒருநாள்கூட விடாதேன்னார். நான் உங்க பேச்சைக் கேட்டு விட்டுட்டேன்." அக்கா சத்தம் போடவில்லை. "உங்களை மட்டும் சொல்லலை. தினமும் நூறு பேருக்கு மருந்து குடுக்கிறவ நான். எனக்கு எங்கே போச்சு புத்தி?"

மாஸ்டர் தலை நிமிரவில்லை. ஒரு புது அடாப்டரை எடுத்தார். நீல நூலைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டார். இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா அதற்குரிய விலையைக் கேட்டு, அதை மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் வரிசை கலையும் என்று நினைத்தேன். பாதி கலைந்தது. மீதிப் பாதியிலிருந்து பெரியவர் மெல்ல முன்னால் வந்தார்.

"மாஸ்டர், துடைக்கிறதைத் துடைங்க. வேணாம்னு சொல்லலை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, கடைசியில லேசா ஒரு ஊது ஊதிடுங்க."

மாஸ்டர் ஊதவில்லை. இதை அவர் பக்கம் ஒரு நல்ல விஷயமாகச் சொல்லத்தான் வேண்டும். துணியை மடித்து வைத்துவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கேசட்டின் முனையைத் துடைத்தார். கறுப்பாக அழுக்கு வந்தது. வீட்டில் ஓடியது. இன்றுவரை ஓடுகிறது.

தையல்காரர் அன்று மாலையே செங்கல் உடைக்க உட்கார்ந்தார். விட்ட இடத்தைப் பிடிக்க ஐந்து வாரம் பிடித்தது. அதற்கடுத்த மாதம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். முதல் துணி என்னுடையது. சட்டையின் ஒரு கை அரை அங்குலம் கூடுதல் நீளம். நான் அதைத்தான் விசேஷமான நாட்களில் போட்டுக்கொள்கிறேன்.

மாஸ்டர் கடையில் பழையபடி 'பழுது பார்க்கப்படும்' போர்டு தொங்குகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று விசாரித்தேன். இரண்டு தெரு தள்ளி ஒருவர் வந்திருக்கிறாராம். சார்ஜ் நிற்காத செல்போனை உள்ளங்கையில் வைத்துத் தாலாட்டினால் பாட்டரி தேறிவிடுமாம். வரிசை காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது.

போகிறவர்களைத் தடுக்க நான் யார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரிசையில் நிற்கும்போது காலுக்குத்தான் வேலை, தலை சும்மாதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கும் ஏதாவது வேலை கொடுங்கள்.