எடுக்காத போன்

முதலாளியின் போன் வரவில்லையே என்று ஏங்கிய டிரைவர் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் 'அலோ'.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை மினி லாரியில் தொடங்கினேன். இன்று ஒரகடத்தில் என் லாரி நுழையாத கம்பெனி இல்லை. வண்டி எங்கே போகிறது என்று பார்க்க வண்டியில் ஜி.பி.எஸ். பெட்டி மாட்ட வேண்டும் என்றார்கள் படித்தவர்கள். "டிரைவர் பாக்கெட்லயே போன் கீது, அது போதாதா?" என்றேன். எல்லார் போனிலும் ஒரு ஆப் போட்டோம். என் திரையில் டிரைவர்கள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்தார்கள். புள்ளி நகராவிட்டால் நானே கூப்பிடுவேன்: "ஏன்டா நிக்கிற?"

மற்றவர்களுக்கு அந்தப் போன் வேப்பங்காய். அலோ மட்டும் முதல் மணி முடிவதற்குள் எடுத்து, சம்பந்தியை வரவேற்பது போல "அலோ மொதலாளி!" என்பான்.

ஒருநாள் தண்டலம் பக்கம் அவன் புள்ளி அசையவில்லை. நான் கவனிக்கவில்லை. அவனே கூப்பிட்டான்.

"இன்னா மொதலாளி, எம்மா நேரமா நின்னுகினு கீறேன், கேக்க மாட்டீங்களா?"

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி சூப்பரா கீது."

"அப்புறம் ஏன்டா நிக்கிற?"

"ஆங், இப்ப கேட்டீங்க பாரு!" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான்.

மனைவி இறந்தபின் பென்னலூரில் தனியாக இருந்தான். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தான். என்னைவிட்டால் அவனைக் கூப்பிட்டது லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள்தான். "சாப்ட்டியாம்மா?" என்று அவர்களையும் விசாரிப்பான்.

பிறகு ஒருநாள் திரையில் ஒரு அதிசயம். ஐந்து லாரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு மறைமலை நகருக்குப் போகின்றன! காரில் துரத்திப் பிடித்தால், ஒரே லாரி. உள்ளே அலோ. முன்கண்ணாடி ஓரம் ஐந்து போன்கள். சொந்த வேலைக்கு வண்டியை ஓட்டிப்போன நாலு பேர் தங்கள் போனை இவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏன்டா வாங்கின?"

"அவனுங்களுக்கு வர்ற போனும் எனக்கே வரும் இல்ல?"

அதோடு நானும் பெட்டிக்கு மாறினேன். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, டீசல் எவ்வளவு, எல்லாம் பெட்டியே சொல்லிவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அலோ ஆபீசுக்கே வந்துவிட்டான். "வண்டியப் பாக்கப் பெட்டி வந்துச்சி. என்னை யாரு மொதலாளி பாக்கறது?"

ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் எல்லார் போனிலும் ஆப்பை அழித்த அன்று, அவன் போனில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் கனடாவில். நான் கட்டிய மூன்று மாடி வீட்டில் நான் மட்டும். பழைய ஆப்பின் திரையைத் திறந்தேன். பென்னலூரில் ஒற்றைப் புள்ளி, காலையிலிருந்து அசையவில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. காரை விரட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் போன்.

"ஏன்டா எடுக்கல?"

"எடுத்தா கேட்டுட்டு வெச்சிடுவீங்க. எடுக்கலைன்னா வருவீங்களான்னு பாத்தேன்."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அதற்குள் உள்ளே போய் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்று வீடு திரும்ப எனக்கு ஒரு அவசரமும் இல்லை.