தீயணைக்கப் போன இடத்தில் நலம் விசாரித்த பொம்மை

தனியாக இருப்பவர்கள் சுவரோடு பேசுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சுவர் ஒருநாள் பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது, நல்லவேளை, அவ்வளவு பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போது நான் கோவையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். மற்ற எல்லாரும் ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்வார்கள். நான் ஒருத்தி மட்டும் வி.ஆர். கண்ணை முழுசாக மூடுகிற ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் உள்ளே வேறோர் உலகம் தெரியுமே, அதற்கு ஆப் செய்வது. அப்போது கையிலிருந்தது தீயணைக்கப் பழக்கும் ஓர் ஆப். அந்த வேலைக்குக் கைவீசி நடக்க இடம் வேண்டும் என்பதால் பின்பக்க அறையை எனக்கு ஒதுக்கினார்கள். பெருந்துறைப் பெண்ணுக்கு முதல் வேலையிலேயே தனி அறை என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். (உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைப்பதும் அந்த அறையில்தான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.)

ஆப்பில் எதை மாற்றினாலும், பில்டு என்கிற புதுப் பிரதியை உண்டாக்கி, கேபிளைச் செருகி, ஹெட்செட்டுக்குள் ஏற்றிப் பார்க்க வேண்டும். கேபிளைச் செருகியதும் ‘இந்தக் கம்ப்யூட்டரை உள்ளே விடலாமா?’ என்று ஹெட்செட் கேட்கும். அந்தக் கேள்வி வெளியே தெரியாது, மாட்டினால்தான் தெரியும். மாட்டி, சரி சொல்லி, கழற்றி, கீபோர்டில் தட்டி, மறுபடி மாட்டிப் பார்த்தால், தரையில் நிற்க வேண்டிய தீயணைக்கும் சிலிண்டர் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கும். திரும்பக் கழற்று, திருத்து, மாட்டு. கழற்றி வைத்தால் ஹெட்செட் தூங்கிவிடும். நெற்றி படுகிற இடத்தில் இருக்கும் சென்சாரை மூடிவிட்டால் தூங்காது என்று கண்டுபிடித்து, பூமார்க்கெட் பக்கம் போய் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பொட்டு வைத்துக்கொண்டது அந்த ஹெட்செட்தான்.

ஆரம்பத்தில் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் பார்த்தது இதைத்தான்: காலி அறையில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருத்தி, இல்லாத தீயை இல்லாத குழாயால் அணைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை. நானாகப் போய் உட்கார்ந்திருக்கலாம். நெற்றியைச் சுற்றி ஹெட்செட் பட்டையின் தடம் சிவந்து கிடக்க, ‘நானும் வரட்டுங்களா?’ என்று கேட்கக் கூச்சம்.

எங்கள் முதலாளி செந்தில் சார் நல்லவர். என் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. நான் ஜெனிட்டா. அவர் ஜெனிஃபர் என்பார். முதல்நாள் திருத்தினேன். மறுநாளும் திருத்தினேன். அப்புறம் ஜெனிஃபர் என்றாலே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இப்படியிருக்கும்போது, ஆப்பில் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சோதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மென்பொருளோடு சும்மா வருகிற சாம்பல் நிற மொட்டைப் பொம்மை ஒன்றை ஆப்புக்குள் ஒரு காலி அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். என் குரலையே பதிவு செய்து கனமாக்கினேன். சளி பிடித்த மாமா மாதிரி வந்தது. முதலில் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்றுதான் சொல்லிற்று. ஒருநாள் சும்மா ‘சாப்டாச்சுங்களா?’ என்று பதிந்தேன். கேட்டால் பதிலுக்கு இடைவெளி விட வேண்டுமில்லையா? விட்டேன். பதிலும் சொன்னேன். கொஞ்ச நாளில் பொம்மைக்குப் பேச்சு கூடிவிட்டது. தினமும் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எலுமிச்சைச் சாதத்தைத் தடவித் தடவிச் சாப்பிட்டேன். (மூக்கில் ஒட்டும். பழகிவிடும்.)

அந்தத் தீயணைப்பு ஆப்பை, பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியின் தொழிலாளர் பயிற்சிக்காகச் செய்துகொண்டிருந்தோம். இது ஓகே ஆகாவிட்டால் வி.ஆர். வேலையையே மூடிவிடுவதாக செந்தில் சார் சொல்லியிருந்தார். வி.ஆர். என்றால் நான்தான்.

காட்டப் போகிற நாள் காலையில் கடைசி பில்டைத் தயார் செய்து, கேபிளைச் செருகி, கட்டளையைத் தட்டினேன். வெளியே செந்தில் சார் காரில் ஹாரன் அடித்தார். திரையில் வரிகள் ஓடின. கடைசி வரி சிவப்பாக இருந்தது. தீ சம்பந்தப்பட்ட வேலை, சிவப்பாகத்தான் இருக்கும் என்று என் மூளை முடிவு செய்திருக்க வேண்டும். லேப்டாப்பை மூடி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஹெட்செட் வழக்கம்போல ‘உள்ளே விடலாமா?’ என்று கேட்டிருக்கிறது. நான் அதை மாட்டவே இல்லை. ஆக, புது பில்டு ஏறவில்லை. உள்ளே இருந்தது முந்தின நாள் மதியம் பொம்மையோடு நான் சாப்பிட்ட பில்டு. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே படம்.

பவுண்டரி முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். மகனிடம் தெலுங்கிலும் எங்களிடம் கொங்குத் தமிழிலும் பேசினார். இரண்டிலும் குரல் உயரவே இல்லை. மேனேஜர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பவுண்டரி முதலாளி உள்ளே பார்ப்பதும் கேட்பதும் டிவியிலும் வரும்படி இணைத்தேன். (அன்று பிசகாமல் வேலை செய்தது அந்த இணைப்பு ஒன்றுதான்.) ஹெட்செட்டை அவருக்கு மாட்டிவிட்டேன்.

டிவியில் காலி அறை தெரிந்தது. நாற்காலியில் மொட்டைப் பொம்மை.

“ஏனுங்க, சாப்டாச்சுங்களா?”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆச்சுங்க. நீங்க?”

நான் எனக்காக விட்டிருந்த இடைவெளி அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

“அப்புறம், ஒடம்பெல்லாம் பரவாயில்லைங்களா?”

“பரவாயில்லைங்க. முட்டிதான் கொஞ்சம் வலி.”

“எல்லாஞ் செரியாப் போயிருமுங்க.”

“பாக்கலாமுங்க.”

“மொதல்ல பதட்டத்தக் கொறைக்கறாங்க போல” என்று பவுண்டரியின் பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். எழுந்து நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரி என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“உங்க செந்தில் சாரு இன்னைக்காவது பேரச் செரியாச் சொன்னாருங்களா?”

“நம்ம செந்திலுங்களா?” என்றார் முதலாளி.

“அவரு கெடக்கறாரு, உடுங்க. நாம பேசிக்கலாம் ஜெனிட்டா. நான் எங்கீங்க போகப் போறேன்?”

முதலாளி ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றினார். “யாருங்க ஜெனிட்டா?”

நான் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினேன்.

செந்தில் சார் அவசரமாகக் குறுக்கே வந்தார். “இல்லீங்க, இவங்க ஜெனிஃபருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

எல்லார் முன்னாலும் கேபிளைச் செருகி, மாட்டி, கழற்றி, சரியான பில்டை ஏற்றினேன். தீ நன்றாகவே எரிந்தது. முதலாளி பொறுமையாக அணைத்தார். அணைத்து முடித்துவிட்டு, உள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். “அவரு வரலீங்களா?” என்று கேட்டார்.

வேலை வேறொரு கம்பெனிக்குப் போயிற்று.

திரும்பும்போது துடியலூர் தாண்டியதும் செந்தில் சார், “ஏசி போதுமுங்களா?” என்றார். மன்னிப்புத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று “போதுங்க சார்” என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னை ஜெனிஃபர் என்று கூப்பிடவில்லை. ஜெனிட்டா என்றும் கூப்பிடவில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ‘ஏனுங்க’வோடு நிறுத்திக்கொண்டார்.

கதை ஆபீஸ் முழுக்கப் பரவி, மறுநாள் மதியம் வெப்சைட் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நோயாளியிடம் பேசுகிற மாதிரி ஆளுக்கொரு பொரியல் வைத்து, அன்பாகக் கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. சில நாள் போய்விட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி அறையிலேயே இருந்துகொண்டேன். பொம்மையை ஏற்கெனவே அழித்திருந்தேன். மதியம் ரொம்ப நீளமாகிவிட்டது. வி.ஆரை மூடியதும் நானும் வேறு வேலைக்குப் போனேன்.

வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கிறிஸ்துமஸ் மதியம் பெருந்துறை வீட்டில் எல்லார் முன்னாலும், குரலைக் கூடக் கனமாக்கி, நடித்தே காட்டிவிட்டார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எத்தன நாள் கண்ணு அப்படிச் சாப்ட்ட?” என்றாள்.

“கொஞ்ச நாள்தாம்மா” என்றேன்.

இப்போது அம்மாவும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டாள். போனில் நீளமாக ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். நான் ‘ம்’, ‘செரிம்மா’ என்று இழுத்தால் நடுவில் நிறுத்திக் கேட்பாள்: “நீதான் பேசறியா கண்ணு, இல்ல பொம்மைய உக்கார வெச்சுப்போட்டுப் போயிட்டியா?”

நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்தபிறகும், பதில் வருகிறதா என்று காத்திருப்பாள்.