ராஜாவுக்கு ஜெபம் உண்டு, பேராயருக்குக் கிடையாது

அரபிக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு ராஜாவுக்கு இவ்வளவு அடங்கி ஒரு பேராயருக்கு அவ்வளவு அடங்காமல் வாழ்ந்த இன்னொரு கிறிஸ்தவர் கிடைக்கமாட்டார். பஹ்ரைனில் எங்கள் தமிழ்ச் சபையில் அவருக்குப் பெயர் ஓட்டு அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய விசாவுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

திருநெல்வேலிச் சீமைக்காரர். மனாமாவில் ஏசி மெக்கானிக். எங்கள் சபை பிறந்ததே அவர் ஃப்ளாட்டின் ஹாலில்தான். ஐயர் என்று நாங்கள் சொல்லும் போதகர் கிடையாது, பேராயர் கிடையாது. எந்தப் பாட்டு பாடுவது, யார் பிரசங்கம் செய்வது, முடிந்ததும் டீயா காப்பியா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. "கையத் தூக்குங்க பாப்போம்" என்பதுதான் அவருடைய விசுவாசப் பிரமாணம்.

ஆள் பெருகியதும் ஒரு கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் டியூட்டி. அதனால் ஆண்டவருடைய நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம், அவரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரே கோயில், பல பாஷைகள். எங்களுக்கு முன்னால் உருதுக்காரர்கள், பின்னால் மலையாளிகள். நாங்கள் கடைசிப் பாட்டை இழுத்தால் வாசலில் மலையாளிகளின் கிட்டார் தலை நீட்டும்.

அந்தக் கோயிலின் ஏசியை அண்ணாச்சிதான் பராமரித்தார். ஆனால் அதை எவ்வளவு குளிரில் வைப்பது என்பதைத் தானே முடிவு செய்ய மாட்டார். அதற்கும் ஓட்டுதான். ஒரு கல்யாண ஆராதனையில் வயதானவர்களும் பிள்ளைக்காரிகளும் சேர்ந்து குளிரைக் குறைத்துவிட்டார்கள். கோட்டு சூட்டோடு நின்ற மாப்பிள்ளைக்கு வியர்வை ஆறாக ஓடியது.

"அண்ணாச்சி, மாப்பிள்ள மயங்குதாரு!"

"அவரும் ஒரு ஓட்டுதான? மறு ஓட்டு கேக்கச் சொல்லுங்க."

இப்படிப்பட்ட மனிதர் ராஜா என்று வந்துவிட்டால் பூனைக்குட்டி ஆகிவிடுவார். தேசிய தினம் வந்தால் அவருடைய பழைய வேனுக்குக் கண்ணாடி தெரியாத அளவுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக அலங்காரம். வெள்ளிதோறும் பொது ஜெபம் ஏறெடுப்பது அவர்தான். இந்த நாட்டு ராஜா, ராஜ குடும்பம், மந்திரிகள் என்று ஆரம்பித்து டிராஃபிக் போலீஸ் வரை இறங்கி வருவார். நம் ஊர் ஜனாதிபதிக்கும் உண்டு. பேராயருக்கு மட்டும் கிடையாது.

நான் ஈசா டவுனில் இந்தியப் பள்ளிக்கூட டீச்சர். குறுக்குக் கேள்வி கேட்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் அவர் கோயில் ஏசியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, பேராயருக்கு நாம ஓட்டுப் போடல, அதனால ஜெபம் இல்லங்கிறீங்க. ராஜாவுக்கு மட்டும் ஓட்டுப் போட்டோமாக்கும்?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நல்லாக் கேளுங்க. ராசா நமக்கு வேல தந்தாவ, கோயில் வைக்க எடம் தந்தாவ. என்னைக்காவது உள்ள வந்து இந்தப் பாட்டப் பாடு, அந்தப் பாட்டப் பாடாதன்னு சொன்னாவளா? பிஷப்பு ஊர்ல இருந்துக்கிட்டே சொல்லுவாவ! வெளிய ராசா, உள்ள சபை. நடுவுல இவிய எதுக்கு?"

வீட்டுக்கு வந்து யோசித்ததில் அவர் சொன்னது சரி என்றுகூடப் பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை, தாங்கமாட்டார்.

வினை வளாக ஆபீஸ் வழியாக வந்தது. இனிமேல் ஒவ்வொரு சபைக்கும் ஒரு பேராயரின் கீழ் உள்ள ஐயர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் வேறு சபைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் செக்ரட்டரி ஸ்டான்லி, சென்னைக்காரர், வங்கியில் ஆபீஸர். அவருக்கு உள்ளூர சந்தோஷம். எனக்கும்தான். என் மூத்தவளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆகவேண்டும். பேராயர் கை வைக்காமல் அது நடக்காது. ஆனால் அண்ணாச்சி தன் ஹாலில் பெற்று வளர்த்த பிள்ளையை அல்லவா கேட்கிறார்கள்?

"ஓட்டுக்கு விடும் வே" என்றார் ஸ்டான்லியிடம். முகம் சுண்டிப் போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம். பேசிப் பேசி எங்கள் நேரம் தீர்ந்துவிட்டது. வாசலில் ஒரு மலையாளச் சேட்டன் எட்டிப் பார்த்து, "கழிஞ்ஞோ?" என்று, முடிந்ததா எனக் கேட்டார். அண்ணாச்சி முன் பெஞ்சிலிருந்து திரும்பாமலே, "ஓட்டு எண்ணிட்டா கலாஸ் சேட்டா, உள்ள வந்து இரியும்" என்று குரல் கொடுத்தார். மலையாளிகளும் சத்தமில்லாமல் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நேரத்தை வீணாக்குவானேன் என்று தங்கள் வழக்கப்படி கண்ணை மூடி, கைகளை உயர்த்தி, மௌனமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

சரியாக அப்போது ஸ்டான்லி பதற்றத்தோடு, "பேராயர் வேணாம், நாமளே நடத்துவோம்னு சொல்றவங்க கை தூக்குங்க!" என்றார்.

கோயில் முழுக்கக் கைகள். ஸ்டான்லி யார் கை என்று பாராமல் கைகளை மட்டும் எண்ணினார். "வேணாம்கிறவங்கதான் ஜாஸ்தி... அண்ணாச்சி ஜெயிச்சிட்டார்" என்று அறிவித்தார்.

அண்ணாச்சி எழுந்தார். கண்ணெல்லாம் ஈரம். சபைக்கு நன்றி சொல்லத் திரும்பினார். ஓட்டெடுப்பு முடிந்த பிறகும் பின்வரிசையில் கைகள் இறங்கவில்லை. யாரோ "ஸ்தோத்ரம்" என்றார்கள். அது எங்கள் தமிழ் ஸ்தோத்திரம் இல்லை, மலையாளம்.

பக்கவாட்டில் இருக்கும் பாடகர் பெஞ்சிலிருந்து எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை. ஸ்டான்லி தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று. முடிவை அறிவித்தாயிற்று. இன்னொரு மனிதராக இருந்தால் அப்படியே "ஆமென்" சொல்லி உட்கார்ந்திருப்பார்.

"ஏ ஸ்டான்லி, என்னத்த வே எண்ணுனீரு? பாதி கை சேட்டன்மாரு கை! செல்லாது வே. மறுபடியும் எண்ணும்."

கோயிலை மலையாளிகளுக்கு விட்டுவிட்டு, மறு ஓட்டு கார் பார்க்கிங்கில், மண்டையைப் பிளக்கும் வெயிலில் நடந்தது. அவருக்காகத் தூக்கிய கைகள் அவருடையதும், ஃப்ளாட் காலத்துப் பழைய ஆட்கள் சிலருடையதும் மட்டுமே. நான் என் மகளை நினைத்து மறுபக்கம் தூக்கினேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் மட்டும் எல்லோரையும் பார்த்து, "சரி, சபை சொல்லியாச்சு. யல்லா, வீட்டுக்குப் போங்க, பிள்ளைகளுக்கு வெயில் அடிக்கி" என்றார்.

ஐயர் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் முதல் ஆளாக நின்றது அவர்தான். ஐயருடைய பெட்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. ஸ்டான்லி ஆச்சரியப்பட்டபோது, "தோத்தவன் ஒதுங்கிட்டா அப்பொறம் எதுக்கு வே ஓட்டு?" என்றாராம்.

முதல் வெள்ளிக்கிழமை. பொது ஜெபத்தை வழக்கம்போல நீங்களே நடத்துங்கள் என்று ஐயர் சொல்லிவிட்டார். ராஜா வந்தார், மந்திரிகள் வந்தார்கள், ஜனாதிபதி வந்தார், டிராஃபிக் போலீஸும் வந்து போனார்கள். நாங்கள் ஆமெனுக்கு வாயைத் திறந்தோம். அவர் முடிக்கவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"எங்க சபை கையத் தூக்கித் தெரிஞ்செடுத்த எங்க பேராயருக்காகவும் கெஞ்சுதோம் ஆண்டவரே. அவியளுக்கு நல்ல சொகத்தக் குடும்."

ஐயர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அடுத்த வருஷம் அண்ணாச்சி விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மகளுக்குத் திடப்படுத்தலும் ஆயிற்று. ஐயர் தங்கமான மனிதர், எங்களை எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. கமிட்டியே எல்லாவற்றையும் கச்சிதமாக முடித்துவிடுகிறது, யாரும் கை தூக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆராதனை நேரத்துக்கு முடிந்து, மலையாளிகளுக்கு வழிவிட்டு வெளியே வருகிறோம். அந்தப் பார்க்கிங்கில் வந்து நிற்கும்போது எனக்கு அண்ணாச்சியைத் தேடுகிறது.