முடிதிருத்தும் கடையில் மௌன விரதம்

காலை ஒன்பதரை தாண்டியதுமே கிளிஃப் ஓல்ட்ராய்ட் போதகரின் இடது கிருதாவைக் காணாமல் அடித்துவிட்டார்.

தப்பு அவருடையது அல்ல. போதகர் எட்மண்ட் தலையைத் திருப்பினார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறவர்தான் அவர். "ஐயா, ஆடாதீங்க. இது தலை, கோயில் மணி இல்ல" என்று கிளிஃப் அதட்டுவார், அவரும் அடங்குவார். இன்றைக்கு அதட்ட வழியில்லை. ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கிளிஃப் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஸ்கார்பெக் என்ற அந்த இங்கிலாந்துச் சிற்றூரில் நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தன்னை வருத்திக்கொண்டாக வேண்டும். ஒருவர் மலை ஏறுவார், இன்னொருவர் தக்காளிக் குழம்பில் ஊறிய பீன்ஸைத் தொட்டியில் கொட்டி அதற்குள் நாள் பூரா உட்காருவார். பார்க்கிறவர்கள் ஸ்பான்சர் தாளில் பெயரெழுதி இவ்வளவு தருகிறேன் என்று கையெழுத்துப் போடுவார்கள். கிளிஃபுக்கு முழங்கால் வலி, மலை ஆகாது. பீன்ஸ் வாடையும் ஆகாது.

"ஒரு நாள் பேசாம இருங்க. உங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது" என்று சொன்னது மனைவி லினெட்.

காரியமும் அவர்கள் வீட்டுக் காரியம்தான். மகள் பெத்துக்கு மூன்று வயதில் இதயம் மாற்றிவைத்தார்கள். இப்போது பத்து வயது. ஊர் பாண்டு குழுவில் அக்கம்பக்கத்தார் காது பொத்திக்கொள்ளும்படி கார்னெட் ஊதுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் வந்த இதயத்தை உடம்பு இன்னும் அந்நியனாகத்தான் பார்க்கிறது. காலையும் மாலையும் மாத்திரை கொடுத்து உடம்பைச் சமாதானம் பண்ண வேண்டும். அப்படியும் அந்த இதயம் ஆயுசு முழுக்க வராது என்று டாக்டர்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளுக்கு வைத்த இதயத்தை இன்னும் பல வருடம் உழைக்க வைக்க என்ன வழி என்று நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் நிதி இந்த வசந்த காலத்தோடு தீர்கிறது. அதனால்தான் தூக்கத்தில்கூடப் பேசுகிற கிளிஃப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

போதகரா விட்டார்?

"நானும் யோசிச்சுப் பார்த்தேன் கிளிஃப். யார்க்‌ஷயர், லங்காஷயர்னு எதுக்கு ரெண்டு கிரிக்கெட் அணி? ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டா என்ன? எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்கதானே?"

கிளிஃபுக்கு லங்காஷயர் ஜென்ம விரோதி. ஒரு யார்க்‌ஷயர்க்காரன் முகத்துக்கு நேரே, அதுவும் அவன் கையில் மெஷின் இருக்கும்போது பேசுகிற பேச்சா இது! பதில் தொண்டைவரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். அந்த நேரம் பார்த்துப் போதகர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். இடது கிருதா போயிற்று.

சமம் செய்ய வலது கிருதாவையும் எடுத்தார். இப்போது உச்சி மட்டும் காளான் மாதிரி நின்றது. உச்சியைக் குறைத்தார். உடனே பின்பக்கம் துருத்திக்கொண்டது. அதையும் குறைத்தார். ஒன்பது நாற்பத்தைந்துக்குப் போதகர் அன்றைக்குத்தான் பட்டாளத்தில் சேர்ந்தவர் போல எழுந்தார். கண்ணாடியை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை.

"சரி, என் நேரம் அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

மூலை நாற்காலியில் வில்ஃப் ஒரு சின்ன நோட்டில் என்னவோ குறித்தார். வயது எழுபத்தாறு. காலை எட்டு ஐம்பத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தலையில் ஒரு முடி கிடையாது. மொட்டைத் தலைக்கு முடிதிருத்தும் கடையில் என்ன வேலை என்று கேட்கக் கிளிஃபுக்கு நாக்கு அரித்தது. கேட்க முடியாதே. ஹீட்டருக்கும் ஓசி டீக்கும் வந்திருப்பார், குறுக்கெழுத்துப் போடுகிறார் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்து வந்த நாலு பேரும் இதே கதைதான். ஒருத்தன் டீயில் பாலை முதலில் ஊற்றுவதே முறை என்றான். இன்னொருத்தன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் முடி நன்றாக வெட்டுகிறார்கள் என்றான். இத்தனை வருடம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பழி வாங்குகிறார்கள் பாவிகள் என்று கிளிஃப் நினைத்தார். காதில் விழுந்தால்தானே கோபம் வரும்? இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு இறைச்சிக்கடை டங்கன் வந்தார். கண்ணாடியில் அவர் வாய் மட்டும் அசைந்தது. கிளிஃப் புன்னகையோடு தலையாட்டினார். டங்கன் தன் மீசையைக் காட்டிக் கையை வீசினார். எடுக்கச் சொல்கிறார் என்று கிளிஃப் எடுத்துவிட்டார்.

டங்கனின் முகம் சிவந்த விதத்தைப் பார்த்து அவசரமாகப் பஞ்சைப் பிடுங்கினார்.

"யோவ்! அதை மட்டும் தொடாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனேய்யா! எட்டு வருஷத்து மீசை! என் பொண்டாட்டி என்னை மீசையோடதான்யா கட்டிக்கிட்டா!"

கிளிஃப் பேச்சுக்குப் பதிலாகப் பக்கத்தில் வைத்திருந்த சிலேட்டை எடுத்து 'மன்னிச்சுக்கோ' என்று எழுதிக் காட்டினார்.

"சிலேட்டு எவனுக்கு வேணும்? வாயால சொல்லு! ஒரே வார்த்தை. சொல்லுய்யா, மணி இன்னும் பதினொண்ணே கால் ஆகல!"

மன்னிப்புக் கேட்பதற்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று கிளிஃபுக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் கூப்பினார். பதினொன்றே காலுக்கு டங்கன் கழுத்துத் துண்டால் மேலுதட்டை மறைத்துக்கொண்டு வெளியேறினார்.

பன்னிரண்டே காலுக்கு லினெட் சாப்பாடு கொண்டுவந்தாள். எந்த நாளும் கொண்டுவராதவள்.

"இந்தாங்க, சாப்பிடுங்க. வீட்டை ஒழிச்சேன். பரண்மேல ஒரு பழைய கிரிக்கெட் பேட் கிடந்துச்சு, எவனெவனோ அதுல கிறுக்கி வச்சிருந்தான். சர்ச்சுல பழைய சாமான் விக்கிறாங்கள்ல, அங்க குடுத்துட்டேன்."

எவனெவனோ! யார்க்‌ஷயர் அணி மொத்தமும் கையெழுத்துப் போட்ட பேட்! கிளிஃபின் மூக்கிலிருந்து கொதிக்கும் கெண்டி போல ஒரு சத்தம் வந்தது. லினெட் ஆசையோடு வில்ஃபைப் பார்த்தாள்.

"மூக்கால வந்தது கணக்குல சேராது" என்றார் வில்ஃப், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

லினெட் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். கிளிஃபுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து அகலமான பிளாஸ்திரி ஒன்றை எடுத்து வாயில் குறுக்காக ஒட்டிக்கொண்டார். இனி யார் வந்தால் என்ன?

ஒன்றே முக்காலுக்குக் கான்ஸ்டபிள் ரோஸ்லின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"யாரும் அசையாதீங்க! பஸ் ஸ்டாப்புல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. கடைக்காரர் வாயைக் கட்டிப்போட்டுட்டு மூலையில ஒரு மொட்டைத்தலைக் கிழவன் காவல் உக்காந்திருக்கானாம். கிளிஃப் அண்ணே, இவரா கட்டினது?"

கிளிஃப் இல்லை என்று தலையாட்டினார். வில்ஃப் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

"தலையாட்டினா சாட்சி ஆகாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

கிளிஃப் சிலேட்டைத் தேடுவதற்குள் அவள் பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளாஸ்திரி வந்தது. கூடவே கிளிஃபின் மீசையில் பாதியும் வந்தது. கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தார்.

"இதுக்குக்கூட ஒரு 'ஐயோ' வரலயா அண்ணே?" ரோஸ்லின் நிஜமாகவே வருத்தப்பட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு. விசாரணையை அப்படியே பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஆச்சரியமாக ஒருத்தரும் வரவில்லை. மூன்று அடித்தது. நான்கு அடித்தது. ஊர் தன் உறுதியைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிவிட்டது என்று கிளிஃபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாதி மீசையோடு தரையைப் பெருக்கினார். வில்ஃபுக்குத்தான் என்னவோ இருப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார்.

நாலே முக்காலுக்குப் பெத் பாண்டு பயிற்சி முடிந்து கார்னெட் பெட்டியோடு வந்தாள். அப்பாவின் மீசையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா?"

கிளிஃப் கேள் என்று கை காட்டினார்.

"எனக்குள்ள இருக்கிறது நின்னுபோச்சுன்னா இன்னொண்ணு வேணும்ல? அதுக்கு வேற ஒரு குழந்தை சாகணும்ல?"

துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"எனக்காக இன்னொரு தடவை யாரும் சாக வேணாம்பா. இதுவே ஓடுமா?"

கிளிஃப் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஸ்பான்சர் தாள், ஊர், ஐந்து மணி எதுவும் அவர் நினைவில் இல்லை. பிள்ளை கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஓடும்டா கண்ணு" என்றார். "இதுவே ஓடும். ஓட வைக்கத்தானே அங்க அத்தனை பேரு ராப்பகலா மெனக்கெடுறாங்க? அவங்களை நிறுத்த விட்டுடுவேனா? நான் பீன்ஸ்ல உக்காருவேன், நொண்டிக்கிட்டே மலை ஏறுவேன். நீ கார்னெட்டை ஊதிக்கிட்டே இரு. அந்தப் போதகர் இருக்காரே, ரெண்டு அணியையும் சேர்க்கணுமாம்! உங்கம்மா என் பேட்டை..."

எட்டு மணி நேரம் அடைத்துவைத்தது மடை திறந்து கொட்டியது. லங்காஷயர் வந்தது, டீயும் பாலும் வந்தது, டங்கனின் மீசை வந்தது. எல்லாம் வந்த பிறகுதான் கிளிஃபின் கண் கடிகாரத்தில் விழுந்தது.

நான்கு ஐம்பத்தாறு.

"ஐயோ! நாலு நிமிஷம்! நாலே நாலு நிமிஷத்துல எல்லாத்தையும் கெடுத்துட்டேனே!" தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார்.

வில்ஃப் எழுந்தார். முழங்கால் நொடிக்க நடந்து போய்க் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"பேசிட்டான்!"

எதிரே இருந்த பப்பிலிருந்து ஒரு ஆரவாரம் கிளம்பியது. கம்பளித் தொப்பியோடு போதகர் ஓடிவந்தார். கழுத்துத் துண்டோடு டங்கன், பின்னால் ரோஸ்லின். கடைசியாக, கையெழுத்துப் போட்ட பேட்டைத் தூக்கி ஆட்டிக்கொண்டு லினெட்.

"என்னடி இது? நான் தோத்துட்டேன், நீங்க கூத்தடிக்கிறீங்க?"

"ஸ்பான்சர் பணமெல்லாம் சில்லறைங்க" என்றாள் லினெட், மூச்சு வாங்க. "உங்க வாய் எந்தக் கால் மணி நேரத்துல திறக்கும்னு ஊர் பூரா டிக்கெட் வித்தோம். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் தாங்கும். ஆளாளுக்கு அவங்கவங்க நேரத்துல வந்து உங்களைச் சீண்டிப் பார்த்தோம். கல்லு மாதிரி நின்னீங்களே!"

"டிக்கெட் உள்ள நேரத்துல நீ பேசலன்னா மொத்தப் பணத்தையும் திருப்பிக் குடுக்கணும் கிளிஃப்" என்றார் போதகர், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. "யாரும் ஜெயிக்காத பணத்தைச் சர்ச்சு தொடாதுன்னு அந்த விதியைப் போட்டவனே நான்தான். ரெண்டு மணியிலருந்து ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

கிளிஃப் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாதி மீசை துடித்தது.

"அப்ப ஜெயிச்சது யாரு?"

வில்ஃப் நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ரெண்டு மணிக்கு மேல நீ தாங்கவே மாட்டேன்னு ஊரே முடிவு கட்டிடுச்சு தம்பி, நீ கட்டினவளையும் சேர்த்துத்தான். எங்கப்பா சாயங்காலம் வரைக்கும் தாங்குவாருன்னு சொல்லிக் கடைசிக் கால் மணி நேரத்தை வாங்கினது ஒரே ஒரு ஆளு, அதோ உன் நாற்காலியில காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான்."